வரைந்தவர் பதில் சொல்ல வேண்டும்

(மருத்துவ மாணவர்களும் ஓவியக் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு படத்திலிருந்து தொடங்குகிறேன். அதைத் திரையில் காட்டப்போவதில்லை, தேவையும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பந்து, அதன்மேல் கொத்துக்கொத்தாகச் சிவப்புக் கூர்கள். கண்ணை மூடினாலும் உங்களுக்குத் தெரியும். 2020ல் அது தொலைக்காட்சியில், செய்தித்தாளில், மருந்துக்கடைக் கதவில், மாஸ்க் விற்ற பைகளில் என்று எங்கும் இருந்தது. சென்னையில் சாலைச் சந்திப்பிலேயே அதைப் பெரிதாக வரைந்தார்கள். ஊரடங்கில் ஒரு காவல் ஆய்வாளர் அந்த உருவில் செய்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வெளியே சுற்றியவர்களை மறித்தார்.

அந்தப் படத்தை உருவாக்கியவர்கள் அலிசா எக்கர்ட், டான் ஹிக்கின்ஸ் என்ற இருவர். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியில் அப்போது மருத்துவ ஓவியர்களாக வேலை பார்த்தவர்கள். 2020 ஜனவரியில் வேலை அவர்கள் மேசைக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் படம் வெளியாகிவிட்டது.

வைரஸ் சிவப்பா? அதற்கு நிறமே கிடையாது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். கொரோனா வைரஸின் விட்டம் சுமார் 100 நானோமீட்டர்தான். அந்த அளவில் நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆக, சிவப்பு ஓவியர்கள் எடுத்த முடிவு. ஏன் எடுத்தார்கள்? நம் செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய வைரஸுக்கு உதவுவது அந்தக் கூர்ப்புரதம்தான். அதனால் அதை முன்னால் கொண்டுவந்தார்கள். உறையில் வேறு இரண்டு புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்று எண்ணிக்கையில் கூர்ப்புரதத்தைவிட மிக அதிகம். இருந்தும் அவை மங்கிய ஆரஞ்சிலும் மஞ்சளிலும் பின்னால் நிற்கின்றன. கூர்களின் வடிவத்தை அவர்கள் கற்பனை செய்யவில்லை. அணு அணுவாக அளந்து புரதத் தரவு வங்கியில் சேர்க்கப்பட்ட வடிவங்களிலிருந்து எடுத்தார்கள்.

இந்தப் படத்தில் எது அளந்து அறிந்தது, எது தேர்ந்தெடுத்தது என்று அவர்களைக் கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். இன்று நான் பேச வந்த தொழில் இந்த மருத்துவ ஓவியம்தான். அழகாக வரைபவர்கள் ஆயிரம் பேர் உண்டு. தான் போட்ட ஒவ்வொரு கோட்டுக்கும் பதில் சொல்லக்கூடியவர் வேண்டும். அப்படி ஒருவர் தானாக முளைப்பதில்லை, அவரை உருவாக்க ஒரு பல்கலைக்கழக வகுப்பு வேண்டும். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மருத்துவ மாணவர்கள் எல்லோரும் கிரேயின் உடற்கூறியல் நூலைக் கையில் எடுத்திருப்பீர்கள். முதல் பதிப்பு 1858ல் லண்டனில் வந்தது. எழுதியவர் ஹென்றி கிரே. அதிலிருந்த 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். இரண்டாவது பெயரைக் கேட்டவர்கள் குறைவு. கார்ட்டரின் தந்தை ஸ்கார்பரோவில் பெயர்பெற்ற நீர்வண்ண ஓவியர். மகன் மருத்துவம் படித்தார். செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிரேயும் அவரும் சேர்ந்து உடல்களை அறுத்தார்கள். கிரே எழுதினார், கார்ட்டர் பெட்டிமரக் கட்டைகளின் மேல் இடவலம் மாற்றி வரைந்தார். மரச்செதுக்கில் படம் புரண்டுதான் அச்சாகும்.

அந்தப் பக்கங்களை இன்று எடுத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய பாடநூல்களில் பெரும்பாலும் படத்தில் சின்னச்சின்ன எழுத்துகள் இருக்கும், அடியில் அவற்றுக்கு விளக்கப் பட்டியல் இருக்கும். கண் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கார்ட்டர் பெயரை உறுப்பின் மேலேயே எழுதினார். தமனி எப்படி வளைகிறதோ அப்படியே அதன் பெயரும் வளைந்து போகும். தசைநார் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் தசையின் பெயர் ஓடும். படிப்பவன் பெயரையும் இடத்தையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்கிறான். நம் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து ஓரத்தில் பெயர் எழுதுகிறார்களே, அந்தக் கோட்டையே அவர் தேவையற்றதாக்கினார். பரீட்சைக்கு முந்தின இரவு ஒரு மாணவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆசிரியர் செய்த வேலை அது. கார்ட்டர் அப்போது அங்கே உடற்கூறியல் செய்முறை ஆசிரியராக இருந்தார்.

அவருக்கு 150 பவுண்டு கொடுத்தார்கள், நூலின் விற்பனையில் பங்கு கிடையாது. தலைப்புப் பக்கத்தின் அச்சுப்படி வந்தபோது, கார்ட்டரின் பெயரைத் தன் பெயரைவிடச் சிறிய எழுத்தில் போடும்படி கிரே தன் கைப்படத் திருத்தினார். அந்த அச்சுப்படி இன்றும் இருக்கிறது. எனக்கு அதை மன்னிக்க மனம் வரவில்லை. கிரே 34 வயதில் பெரியம்மையில் இறந்துபோனார் என்பது தெரிந்தும் வரவில்லை.

நூல் கடைக்கு வரும் முன்பே கார்ட்டர் கப்பலேறிவிட்டார். வந்த இடம் பம்பாய். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியலும் உடலியங்கியலும் கற்பித்தார், பின்னாளில் அதன் முதல்வராகவும் இருந்தார். இங்கேதான் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி இருக்கிறது. வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்கு வரும் ஒரு நோய். பாதம் வீங்கும், புண்கள் பல வாய்களாகத் திறக்கும், கறுப்பாகவோ வெளிறியோ மணிமணியாகக் கசியும், கடைசியில் எலும்பையே அரித்துவிடும். 1842ல் ஜான் கில் என்ற மருத்துவர் மதுரையில் இதைக் கண்டு பதிவுசெய்தார். அதனால் மருத்துவ உலகம் முழுதும் அதற்கு ‘மதுரா பாதம்’ என்று பெயர். அது ஒரு பூஞ்சையின் வேலை என்று பம்பாயிலிருந்து எடுத்துக்காட்டி, மைசிடோமா என்று பெயர் வைத்தவர் கார்ட்டர். 1874ல் படத்தகடுகளோடு தனி நூலாகவே வெளியிட்டார். எலும்பைத் துளைத்திருக்கும் அந்தக் குழிகளை, அந்தக் கறுப்பு மணிகளை, வரைந்து பழகிய கண்தான் அப்படிப் பார்த்திருக்க முடியும் என்பது என் எண்ணம். இன்றும் அந்தப் பூஞ்சையின் பேரினம் மதுரெல்லா. உலக சுகாதார நிறுவனம் 2016ல்தான் மைசிடோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

கார்ட்டர் தனிமனிதர். அவருக்குப் பின் அவர் கையை யாரும் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் மாக்ஸ் புரோடல்.

புரோடல் 1870ல் ஜெர்மனியின் லைப்சிக்கில் பிறந்தவர். அங்கே கலைக்கல்லூரியில் படித்தார். அதே ஊரில் கார்ல் லூட்விக்கின் உடலியங்கியல் நிறுவனத்துக்காக வரைந்து பழகினார். மருத்துவப் பட்டம் இல்லை. 1894ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்கு வந்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மகளிர் மருத்துவரான ஹோவர்ட் கெல்லிக்கு வரையத் தொடங்கினார். கெல்லி அறுவை செய்வார். புரோடல் பக்கத்தில் நின்று பார்த்துக் குறிப்பெடுப்பார். அத்தோடு விடமாட்டார். சந்தேகம் இருந்தால் பிணவறைக்குப் போய்த் தானே அறுத்துப் பார்ப்பார். உறுப்பைப் புரிந்துகொள்ளும்வரை காகிதத்தைத் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை.

சிறுநீரகத்தில் அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லை எடுக்கச் சிறுநீரகத்தைப் பிளந்தால் ரத்தம் கொட்டும். எங்கே வெட்டினால் குறைவாக வரும்? புரோடல் தமனிகளிலும் சிரைகளிலும் சிறுநீர்ப் பாதையிலும் வெவ்வேறு நிறப் பொருள்களைச் செலுத்தி இறுகவிட்டார். பிறகு சதையைக் கரைத்து எடுத்தார். எஞ்சியது குழல்களின் மரம் மட்டும். அதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி வரைந்தபோது ஒன்று புலப்பட்டது. முன்பக்கத் தமனிகள் சிறுநீரகத்தின் பெரும்பகுதியைக் கவனிக்கின்றன, பின்பக்கத் தமனிகள் சிறிய பகுதியை. இரண்டும் சந்திக்கும் எல்லை, வெளிவிளிம்பின் நடுவில் இல்லாமல் சற்றே பின்னால் தள்ளி ஓடுகிறது. அந்தக் கோட்டில் கத்தியை வைத்தால் பெரிய குழாய்கள் எதுவும் அறுபடாது. 1901ல் அதை வெளியிட்டார். சிறுநீரக அறுவை மருத்துவர்கள் இன்றும் அதைப் புரோடல் கோடு என்றுதான் சொல்கிறார்கள். ஓர் ஓவியர் கண்டுபிடித்த கோடு அது. வரையாமல் இருந்திருந்தால் அவருக்கு அது கிடைத்திருக்காது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், எழுத்தில் ஒரு சலுகை உண்டு. ‘சிறுநீரக வாயிலில் சிரையும் தமனியும் சிறுநீர்க் குழலும் உள்ளன’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். எது முன்னால், எது பின்னால் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். வரையும்போது அந்தச் சலுகை இல்லை. ஒன்று மற்றொன்றை மறைத்தே தீர வேண்டும். என் வகுப்பில் முதல் பருவத்தில் இதைத்தான் கொடுப்பேன். பாடத்தை வரிவிடாமல் ஒப்பிப்பவர்கள்கூடப் பென்சிலை எடுத்ததும் நின்றுவிடுவார்கள். தமனிதான் முக்கியம் என்ற நினைப்பில் அதை முன்னால் போடுவார்கள். முன்னால் இருப்பது சிரை, அதன் பின்னே தமனி, எல்லாவற்றுக்கும் பின்னே சிறுநீர்க் குழலின் அகன்ற தொடக்கம். டிசெக்‌ஷன் ஹாலுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அழித்து வரைகிற அந்த அரைமணி நேரத்தில் அவர்கள் கற்பது, அதற்கு முந்தைய ஒரு மாதப் படிப்பைவிட அதிகம்.

புரோடல் கையாண்ட முறையையும் ஓவிய மாணவர்களுக்காகச் சொல்கிறேன். கரித்தூள் முறை. சுண்ணப் பூச்சுள்ள தடித்த அட்டை. கரிப் பென்சிலை உப்புத்தாளில் தேய்த்து மாவுபோல் தூளாக்கிக்கொள்ள வேண்டும். உலர்ந்த தூரிகையில் அந்தத் தூளைத் தொட்டு, அட்டைமேல் மூச்சுப் படாமல் தடவித் தடவி இருளைக் கூட்ட வேண்டும். கறுப்பிலிருந்து வெளுப்புக்கு எங்கே மாறியது என்றே தெரியாது. இனிதான் முக்கியமான கட்டம். கூர்மையான கத்தி முனையால் சுண்ணப் பூச்சைச் சுரண்டினால் அடியில் தூய வெள்ளை தெரியும். உடலுக்குள் எல்லாமே ஈரம். விளக்கடியில் குடலின் வளைவில் மின்னும் அந்த ஒளிப்பொட்டு அந்தச் சுரண்டலில் பிறப்பதுதான். ஈரம் தெரிகிறது என்றால் உறுப்பு உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பவர் உணர்வார். பாடம் செய்து வைத்த பிணத்தின் உறுப்பையும் அறுவை மேசையில் கிடக்கும் உறுப்பையும் பிரிப்பது அந்த ஒரு கீறல்.

1911ல், ஹென்றி வால்டர்ஸ் கொடுத்த நன்கொடையில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவத்துக்கான ஓவியக்கலைத் துறை தொடங்கியது. உலகத்தில் அந்த வகையில் அதுவே முதல் துறை. புரோடல் 1940 வரை அதை நடத்தினார். அவரிடம் படித்தவர்கள் பல ஊர்களுக்குப் போய்த் துறைகளைத் தொடங்கினார்கள். டொராண்டோவில் மரியா விஷார்ட் 1925ல் தொடங்கிய பணியிலிருந்துதான் அங்கே இன்றுள்ள பட்டமேற்படிப்பு வளர்ந்தது. 1945ல் அமெரிக்காவில் மருத்துவ ஓவியர் சங்கம் அமைந்தது.

புரோடலின் மாணவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் டார்கஸ் பேட்ஜெட். மூளை அறுவை மருத்துவர் வால்டர் டேண்டிக்கு வரைந்தவர். மூளையின் ரத்தக் குழாய்களை வரைந்துகொண்டே இருந்தவருக்கு, இவை ஏன் இப்படி வளைகின்றன, கருவில் எப்படி இருந்தன என்ற கேள்வி வந்தது. மனிதக் கருக்களின் வெட்டுத் துண்டங்களை வரிசையாக வைத்து ஆராய்ந்து, மண்டைத் தமனிகளின் வளர்ச்சி பற்றி 1948ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மூளை ரத்தக்குழாய் மருத்துவர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அவரிடமும் மருத்துவப் பட்டம் கிடையாது. ஓவியம் படித்த பெண்பிள்ளைகள் இந்த அவையில் நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் இந்தப் பெயரை அழுத்திச் சொல்கிறேன்.

இனி அசையும் படத்துக்கு வருவோம்.

2000ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் ரொனால்ட் வேலும் ரொனால்ட் மில்லிகனும் மூலக்கூறு மோட்டார்களைப் பற்றி எழுதினார்கள். நம் செல்லுக்குள் கினீசின் என்ற புரதம் இருக்கிறது. நுண்குழல் என்னும் தடத்தின் மேல், இரண்டு கால்களை மாற்றி மாற்றி வைத்து, தன்னைவிடப் பல மடங்கு பெரிய மூட்டையை இழுத்துச் செல்லும். ஓர் அடிக்கு 8 நானோமீட்டர். அந்தக் கட்டுரைக்காக அந்த நடையை அனிமேஷனில் காட்டியவர் கிரஹாம் ஜான்சன். புரோடல் தொடங்கிய அதே துறையில் படித்து வந்தவர். அவர் கதை அங்கே நிற்கவில்லை. பிறகு ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். செல்லுக்குள் புரதங்களை உண்மையான நெரிசலோடு அடுக்கிக் காட்டும் செல்பேக் என்ற மென்பொருளை உருவாக்கினார். ஓவியர், அனிமேட்டர், ஆய்வாளர் என்ற மூன்றும் ஒரே வாழ்க்கையில் அடுத்தடுத்து வந்தன.

அந்தக் கினீசின் நடையைப் பார்த்து வாழ்க்கைப் பாதையை மாற்றிக்கொண்டவர் ஜேனட் இவாசா. சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் செல்லுயிரியல் ஆய்வு மாணவியாக இருந்தார். கரும்பலகையில் வட்டமும் அம்புக்குறியுமாகப் பார்த்தது உருவம் பெற்று நடப்பதைக் கண்டதும், தானும் இதைக் கற்க வேண்டும் என்று முடிவுசெய்தார். முனைவர் பட்டம் முடித்தவர், சினிமாவுக்கு அனிமேஷன் செய்பவர்கள் படிக்கும் ஹாலிவுட் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். இன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். எச்ஐவி வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைவதிலிருந்து வெளியேறுவதுவரை, அதை ஆராய்பவர்களோடு உட்கார்ந்து அவர் அனிமேஷனாகச் செய்திருக்கிறார்.

அவர் வேலையில் எது கடினம் என்று பாருங்கள். தாளில் வரையும்போது தெரியாத இடத்தைப் புள்ளிக்கோடாக விடலாம், வெறுமனே விட்டுவிடலாம். அனிமேஷனில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள். மூன்று நிமிடப் படத்துக்கு 4,320 சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் ஒவ்வொரு புரதமும் எங்கோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். புரதத் தரவு வங்கி 1971ல் ஏழே வடிவங்களோடு தொடங்கியது, இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் பல புரதங்களின் வால்பகுதி ஓயாமல் அலைந்துகொண்டிருப்பதால் எக்ஸ்கதிர்ப் படிகவியலில் பதிவாவதே இல்லை. கோப்பைத் திறந்தால் அந்த இடத்தில் சங்கிலி அறுந்திருக்கும். அனிமேட்டர் அங்கே எதையாவது போட்டாக வேண்டும். அதனால் ஆய்வாளரிடம் போய், முதலில் இது விலகுமா, அது ஒட்டுமா, ஒரே நேரத்தில் எத்தனை வந்து சேரும் என்று கேட்கிறார். பல வருஷம் அதையே ஆராய்ந்தவர்கள்கூட அந்தக் கேள்வியில் ஒரு கணம் யோசிக்கிறார்கள். அந்த யோசனையிலிருந்து புதிய பரிசோதனை பிறக்கும். அனிமேஷனை வகுப்பறை விளக்கப்படமாக மட்டும் நினைப்பவர்கள் இந்தப் பயனைக் கவனிப்பதே இல்லை.

தவறாகப் போவதற்கும் இதே இடத்தில்தான் வழி திறக்கிறது. 2006ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் எக்ஸ்விவோ நிறுவனத்தோடு சேர்ந்து ‘செல்லின் உள்வாழ்க்கை’ என்ற அனிமேஷனை வெளியிட்டது. ஒரு வெள்ளையணு ரத்தக் குழாயின் சுவரில் உருண்டு, தடைபட்டு நின்று, சுவரைக் கடந்து வெளியேறுவதைக் காட்டுவது. அதில் கினீசின் ஒரு பெரிய மூட்டையைத் தலைக்குமேல் தாங்கி, ஆளில்லாத வெளியில் நிதானமாக நடந்து போகும். உலகம் முழுதும் மாணவர்கள் அதைப் பார்த்து மெய்மறந்தார்கள். நானும் அதைப் பல வகுப்புகளில் காட்டியிருக்கிறேன், அந்த அழகு எத்தனை பேரை உயிரியலுக்கு இழுத்தது என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் செல்லுக்குள் வெட்டவெளி கிடையாது. தைப்பூசத்தன்று பழநி மலைப்படிபோல அங்கே நெரிசல். நீர் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலிருந்தும் இடித்துக்கொண்டே இருக்கும். கினீசின் நடக்கிறது என்பதைவிடத் தள்ளாடித் தள்ளாடி முன்னேறுகிறது என்பதே சரி. அதுவும் வினாடிக்கு நூறடி அளவில். அந்தக் குழுவே இந்த விமரிசனத்தை ஏற்றுக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து, புரதங்கள் நெருக்கியடித்து நடுங்கும் இன்னொரு படத்தைச் செய்து வெளியிட்டது. அவர்கள்மேல் எனக்குள்ள மரியாதை அதனால் கூடியது.

நெரிசலை முதலில் நேர்மையாக வரைந்தவர் டேவிட் குட்செல். உயிரியல் ஆய்வாளர், நீர்வண்ணத்தில் வரைபவர். ஒரே பெருக்க அளவை வைத்துக்கொண்டார், பத்து லட்சம் மடங்கு. அந்த அளவில் ஒரு நானோமீட்டர் ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். கொரோனா வைரஸ் பத்து சென்டிமீட்டர், கினீசினின் ஓர் அடி எட்டு மில்லிமீட்டர், ஈகோலி பாக்டீரியா இரண்டு மீட்டர். அந்த ஓர் அளவு மனதில் பதிந்துவிட்டால் எந்தப் படத்தையும் எந்தப் படத்தோடும் ஒப்பிடலாம். வெற்றிடமே இல்லாமல், எந்தப் புரதம் எத்தனை என்ற கணக்கோடு நிரப்புகிறார். 2000ஆம் ஆண்டிலிருந்து தரவு வங்கிக்காக மாதம் ஒரு மூலக்கூறு என்ற பகுதியைப் பல ஆண்டுகள் எழுதி வரைந்து வந்தார். கற்பிக்க நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். மெல்பர்னில் ட்ரூ பெர்ரி டிஎன்ஏ படியெடுப்பதை அனிமேஷனாகச் செய்தார், 2010ல் மக்ஆர்தர் விருது பெற்றார். அவர் படங்களையும் அவசியம் தேடிப் பாருங்கள்.

மூலக்கூறு வரைபவர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, சென்னைக்குக் கடன்பட்டவர்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஜி.என். ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 1963ல் வெளியிட்ட வரைபடம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஒரு புரத வடிவம் நம்பத்தக்கதா என்று பார்க்க இன்றும் உலகம் முதலில் போட்டுப் பார்ப்பது ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான்.

பதில் சொல்வது என்றேன். அதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, பேசக் கடினமான பக்கம். வியன்னாவில் எட்வர்ட் பெர்ன்காப் தலைமையில் 1937 முதல் வெளிவந்த உடற்கூற்றுப் படத்தொகுதி, நரம்புகளைக் காட்டுவதில் அதற்கு நிகர் இல்லை என்று அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள். பெர்ன்காப் நாஜி. அவருடைய ஓவியர்களில் சிலர் தங்கள் கையெழுத்துக்குள்ளேயே நாஜிச் சின்னங்களை வரைந்தார்கள். 1998ல் வியன்னாப் பல்கலைக்கழகம் விசாரித்துச் சொன்னது, நாஜி ஆட்சியில் கொலைத்தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களில் குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அந்த உடற்கூறியல் கூடத்துக்கு வந்தன என்று. ஆட்சியை எதிர்த்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் படங்களில் இருப்பது யாருடைய நரம்பு? நரம்பு அறுவையில் சிக்கல் வரும்போது இன்றும் சிலர் அந்தத் தொகுதியைத் திறக்கிறார்கள். அவர்களை நான் குறைகூறவில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்பதை நோயாளியிடமும் மாணவரிடமும் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும். கிரேயும் கார்ட்டரும் அறுத்த உடல்களும் கேட்க நாதியற்ற ஏழைகளுடையவைதான். நீங்கள் முதலாண்டில் தொடும் உடலும் ஒருவர் உடல். வரைபவர் அதை ஒருபோதும் மறக்கக்கூடாது.

தோல் நிறத்தையும் சொல்லியாக வேண்டும். நம் மருத்துவப் பாடநூல்களில் உடம்பு பெரும்பாலும் வெள்ளைக்காரர் உடம்பு. சொறி என்றால் இளஞ்சிவப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் நீலம். ராமநாதபுரத்து உப்பளத் தொழிலாளியின் தோலில் அந்த இளஞ்சிவப்பு எங்கே தெரியும்? அந்த நீலத்தை அவர் உள்ளங்கையில், நகக்கண்ணில், உதட்டின் உட்புறத்தில், கண்ணிமையின் உட்புறத்தில் பார்க்க வேண்டும் என்று எந்தப் படம் காட்டுகிறது? லண்டனில் மாலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று 2020ல் ஒரு கையேடே கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு நைஜீரியாவின் சிடிபெரே இபே, கறுப்புத் தாயின் வயிற்றில் கறுப்புக் குழந்தையை வரைந்தபோது, உலகம் முழுதும் அதைப் பகிர்ந்தவர்கள் இப்படியொரு படத்தை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்றார்கள். நம் தோலில் அம்மை எப்படி இருக்கும், மஞ்சள்காமாலை எப்படித் தெரியும் என்பதை நம் ஓவியர்கள்தான் வரைய வேண்டும்.

இப்போது கணினியிடம் நாலு வார்த்தை சொன்னால் படம் வந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். 2024 பிப்ரவரியில் ஓர் ஆய்விதழில் அப்படி உருவாக்கிய எலியின் படம் வெளியானது. உடலைவிடப் பெரிய பிறப்புறுப்பு, எந்த மொழியிலும் இல்லாத சொற்களில் லேபிள்கள். சில நாட்களிலேயே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். கருவி இனி மேம்படும், படங்கள் இன்னும் நம்பும்படி வரும். எனக்குக் கவலை அதில்தான். அந்தப் படத்தின் எந்தக் கோட்டையும் சுட்டி ‘இது ஏன் இங்கே?’ என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை.

இந்த மண்ணில் மருத்துவ ஓவியத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண்நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்து, பக்கத்தில் சிகிச்சைக் குறிப்பு எழுதிவைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் நூல் 1872ல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்துவிட்டது. சென்னையில் 1850ல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஓர் அறுவை மருத்துவர். அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அதுவும் 1835ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியும் ஒரே பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கின்றன.

இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பட்டமேற்படிப்பு தொடங்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இரண்டு ஆண்டு. முதல் ஆண்டில் ஓவிய மாணவர் மருத்துவ மாணவரோடு ஒரே மேசையில் நின்று முழு உடலையும் அறுக்க வேண்டும். பென்சில், கரித்தூள், அறுவைக்கூடத்தில் நின்றபடி எடுக்கும் குறிப்புப்படம். இரண்டாம் ஆண்டில் தரவு வங்கி, பிளெண்டர், அனிமேஷன். பிளெண்டர் இலவச மென்பொருள்தான், காசு ஒரு தடையில்லை. ஆய்வேடாக ஒவ்வொருவரும் ஒரு நோயை எடுத்து, நம் தோலில், நம் உடலில், தமிழ் லேபிளோடு வரைந்து கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் கையில் அது போய்ச் சேர வேண்டும். வரைந்தவர் பெயர் தலைப்புப் பக்கத்தில், எழுதியவர் பெயரின் அதே அளவு எழுத்தில் அச்சாக வேண்டும்.

பாடத்திட்டத்தின் முன்வரைவைச் சில படிகள் எடுத்து வந்திருக்கிறேன், வாயிலருகே மேசையில் இருக்கிறது. உடற்கூறியல் ஆசிரியர்கள் படித்துவிட்டு, எதைச் சேர்க்கலாம், எதை எடுக்கலாம் என்று ஓரத்தில் எழுதித் தாருங்கள். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. ஓவியக் கல்லூரி மாணவர்கள் முதலில் கேளுங்கள்.